ஓ.பி. சீட்டு எடுக்கத் தயங்கும் பெரியவர்களுக்கு

அம்பூரி, வெள்ளறடை, பனச்சமூடு, பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரங்களில் முப்பதையும் நாற்பதையும் தாண்டிவிட்ட அண்ணன்மார், அக்காமார், மாமன்மார், மாமிமார் எல்லோருக்கும் இந்த மடல்.

2024 மே மாதக் கடைசியில் கோதமங்கலத்தில் ஒரு விழா. பீஸ் வேலி என்ற அமைப்பின் குழந்தைகள் கிராமத்தைத் திறந்துவைக்க நடிகர் ஃபஹத் ஃபாசில் வந்திருந்தார். 'ஆவேசம்' வெளிவந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. மேடையில் அவர் சினிமா பேசவில்லை. தனக்கு ஏ.டி.ஹெச்.டி. இருப்பதாக மருத்துவர் கண்டறிந்திருக்கிறார் என்றார். கவனம் ஓரிடத்தில் நிற்காத, உடம்பும் மனசும் அடங்கி உட்கார மறுக்கிற அந்தக் குறைபாட்டைச் சின்ன வயதிலேயே கண்டுபிடித்தால் சரிசெய்வது எளிது என்று மருத்துவர் சொன்னாராம். நாற்பத்தொரு வயதில் கண்டுபிடித்தால் என்ன ஆகும் என்று இவர் திருப்பிக் கேட்டாராம்.

அவருக்கு இருப்பது என்ன என்பது அவர் பாடு, அவருடைய மருத்துவர் பாடு. நாற்பத்தொரு வயதில், கையில் படமும் பேரும் புகழும் இருக்கும்போது, ஒரு மனிதர் தன்னைப் பரிசோதித்துக்கொண்டு அதை ஊரறியச் சொன்னார். அது உங்களுக்கு ஆகும். எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அவருடைய படத்துக்கு முதல் நாளே போய் உட்காருகிறவர்கள்தானே நீங்கள்.

உங்களில் பலர் சொல்கிற வார்த்தை ஒன்று உண்டு: "இத்தனை வருஷம் இப்படியே கழிஞ்சாச்சு, இனி எதுக்கு?" நெஞ்சில் வெப்ராளம், ஒறக்கமில்லை, காரணமில்லாத எரிச்சல், வாரக்கணக்கில் எதிலும் மனசு ஒட்டாத நிலை, பூட்டிய கதவைப் பத்துத் தடவை இழுத்துப் பார்க்கும் பழக்கம். இதையெல்லாம் சுபாவம் என்று பெயரிட்டு ஒதுக்கிவைத்தாயிற்று. வீட்டிலுள்ளவர்களும் "அவரு அப்படித்தான்" என்று பழகிவிட்டார்கள்.

ஆனால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. அமெரிக்காவில் ரொனால்ட் கெஸ்லர் குழுவினர் 2005-இல் வெளியிட்ட பெரிய ஆய்வின்படி, வாழ்நாளில் மனநோய் வருகிறவர்களில் பாதிப்பேருக்கு அது 14 வயதுக்குள் தொடங்கிவிடுகிறது. முக்கால்வாசிப் பேருக்கு 24 வயதுக்குள். ஆகவே நாற்பத்தைந்தில் மருத்துவர் முன்னால் உட்காருகிறவர் பெரும்பாலும் பள்ளிக்கூட நாளிலிருந்தே ஒன்றைச் சுமந்துகொண்டு வருகிறார். தாமதமானது நோயில்லை, பெயர் வைத்தது. பெங்களூரு நிமான்ஸ் மனநல நிறுவனம் 2015-16-இல் கேரளம், தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், வயதுவந்தவர்களில் 10.6 சதவீதம் பேர் அந்த நேரத்தில் ஏதோ ஒரு மனநோயோடு இருந்தார்கள். நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, சொல்லத்தான் வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கையில், லட்சம் பேருக்கு இத்தனை தற்கொலைகள் என்ற விகிதம் இந்தியாவுக்கு 12.4. கேரளத்துக்கு 28.5, தமிழ்நாட்டுக்கு 25.9. எல்லையின் இரண்டு பக்கமும் நாட்டுச் சராசரியைப்போல இரண்டு மடங்குக்கு மேல். நாடு முழுவதும் இறந்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் ஆண்கள். நான்கில் ஒருவருக்கு மேல் அன்றாடக் கூலிகள். ரப்பர் வெட்டும் சுமடும் கொத்தனார் வேலையும் செய்கிற அண்ணன்மாரே, உங்களைக் குறித்துத்தான் பேச்சு.

அப்படியிருந்தும் மருத்துவரிடம் போகக் கால் எழும்பாததற்குக் காரணம் திருவனந்தபுரத்து ஊளம்பாறை. 1870-இல் திருவிதாங்கூர் அரசு தொடங்கிய மனநல மருத்துவமனை இன்று அங்கேதான் இருக்கிறது. கேரளத்தின் மற்ற இரண்டு அரசு மனநல மருத்துவமனைகள் கோழிக்கோட்டில் 1872-இலும் திருச்சூரில் 1889-இலும் தொடங்கின. சென்னையின் கீழ்ப்பாக்கம் இவை எல்லாவற்றுக்கும் மூத்தது, 1794. சென்னைக்காரர்கள் கீழ்ப்பாக்கத்தைச் சொல்லிக் கிண்டலடிப்பதுபோல இங்கே "உன்னை ஊளம்பாறைக்குக் கொண்டு போகணும்" என்பது டீக்கடை வசவு. சண்டையில் சொல்கிற பெயர் நோய் வந்தபோது நினைவுக்கு வந்தால் யார்தான் போவார்கள்? வட்டு என்று ஊர் பட்டம் கட்டிவிடும், மகளுக்கு மாப்பிள்ளை வராது என்ற பயம் வீண் பயமில்லை. ஊர் அப்படித்தான் பேசுகிறது. ஆனால் அந்த மருத்துவமனையிலும் புறநோயாளிப் பிரிவு இருக்கிறது. போய்க் காட்டி மருந்து வாங்கி அன்று சாயங்காலமே வீடு திரும்புகிறவர்கள் அங்கும் உண்டு. மதிலுக்குள் அடைபட்டவர்களின் கதை மட்டும் ஊருக்குள் சுற்றுகிறது. பஸ் ஏறி வீட்டுக்கு வந்தவர்கள் வாய் திறப்பதில்லை.

சரி, உள்ளே போனால் என்னதான் நடக்கும்?

பேச்சுத்தான் நடக்கும். ஸ்கேன் எடுத்து மனசைப் பார்க்கும் வித்தை எந்த ஆஸ்பத்திரியிலும் கிடையாது. எப்போது தொடங்கியது, ஒறக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, வேலைக்குப் போக முடிகிறதா, குடி உண்டா, வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று மருத்துவர் கேட்பார். "செத்துப்போகலாம்போலத் தோன்றியிருக்கிறதா?" என்றும் கேட்பார். அதைக் கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். வராது. எத்தனையோ பேருக்கு அந்தக் கேள்விதான் முதல் ஆறுதல். இன்னொரு கேள்வி விசித்திரமாகப் படலாம்: "ஒறக்கமே இல்லாமல், களைப்பும் தெரியாமல், ரொம்ப சந்தோஷமாக, கையிலிருந்த காசையெல்லாம் செலவழித்துக்கொண்டு திரிந்த நாட்கள் உண்டா?" துக்கத்தைச் சொல்ல வந்தவரிடம் சந்தோஷத்தைக் கேட்பானேன்? ஒருவருக்கு மனச்சோர்வும் மிகையெழுச்சியும் மாறி மாறி வருகிற இருதுருவ நோய் என்றால், சோர்வுக்கான மாத்திரையை மட்டும் கொடுப்பது அவரை மறுமுனைக்குத் தூக்கி எறியக்கூடும். அதைத் தவிர்க்கத்தான் அந்தக் கேள்வி.

ஒறக்கக் கணக்கைச் சொல்லும்போது மலையோரக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விடியக் காலத்துக்கு முன்பே வழக்கமான நேரத்துக்கு இரண்டு மணி நேரமாவது முந்தி விழித்து, நெஞ்சு கனக்கப் படுத்துக் கிடப்பது மனச்சோர்வின் முக்கியமான அடையாளம் என்று மருத்துவப் புத்தகங்கள் சொல்கின்றன. தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு இருட்டோடு ரப்பர் வெட்டப் போகிறவருக்கு அந்த நேரத்தில் விழிப்பது தொழில். நகரத்தில் படித்துவிட்டு வந்த இளம் மருத்துவருக்கு இது தெரிந்திருக்க வேண்டியதில்லை. எனவே நீங்களே சொல்லுங்கள்: வெட்டு இல்லாத மழை நாளிலும் அதே நேரத்தில் விழிப்பு வருகிறதா, வந்தால் மனசு எப்படிக் கிடக்கிறது என்று. அந்த ஒரு பதில் அரை மணி நேரப் பேச்சை மிச்சப்படுத்தும்.

பிறகு ரத்தப் பரிசோதனை எழுதித் தருவார்கள். மனசுக்கு வைத்தியம் பார்க்கப் போனால் கையில் ஊசி குத்துகிறார்களே என்று கோபப்பட வேண்டாம். தைராய்டு சுரப்பி மந்தமானால் மனச்சோர்வுபோலவே இருக்கும். அது கூடினால் படபடப்பு, நடுக்கம், ஒறக்கமின்மை என்று பதற்ற நோயின் வேஷம் போடும். ரத்தசோகையும் பி12 குறைவும் அப்படியே. நாற்பது தாண்டிய அக்காமாருக்கு இதைச் சொல்லாமல் விட்டால் குற்றம்.

ஏ.டி.ஹெச்.டி. சந்தேகம் என்றால் விசாரணை இன்னும் பின்னோக்கிப் போகும். 2013-இல் வெளிவந்த அமெரிக்க மனநல மருத்துவ சங்கத்தின் ஐந்தாம் பதிப்புக் கையேட்டின்படி, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தலைகாட்டியிருக்க வேண்டும். அதற்கு முந்தைய பதிப்பு 7 வயது என்று வைத்திருந்தது. குழந்தைகளிடம் ஒன்பதில் ஆறு அறிகுறிகள் தேடுகிறவர்கள் பெரியவர்களிடம் ஐந்து போதும் என்கிறார்கள். நாற்பது வயதுக்காரருக்குத் தன் பத்து வயது எப்படி ஞாபகம் இருக்கும்? அதனால்தான் அம்மாவையோ மூத்த அக்காவையோ கூட்டிக்கொண்டு வரச் சொல்வார்கள். வாத்தியார் அன்றைக்கு என்ன சொல்லித் திட்டினார் என்பது இப்போது மருத்துவச் சான்று. ஒன்று மட்டும்: போனில் ஓடுகிற ஒரு நிமிஷ வீடியோவைப் பார்த்துவிட்டு "எனக்கும் அதேதான்" என்று முடிவு கட்டுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். சந்தேகப்படுவதில் தவறில்லை. பெயர் வைப்பதை மருத்துவரிடம் விடுங்கள்.

மருந்து என்றதும் "தொடங்கினா சாகிறவரைக்கும் விட முடியாது" என்ற பேச்சு வந்துவிடும். முதல் தடவையாக வந்த மனச்சோர்வுக்கு, குணமான பிறகும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் மருந்தைத் தொடரச் சொல்வார்கள். பிறகு படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். மாத்திரை வேலைசெய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் வாரத்தில் குமட்டலும் தலைக்கனமும் வரலாம். நம்மில் பலர் கைவிடுவது சரியாக அந்த வாரத்தில்தான். மனச்சிதைவு, இருதுருவ நோய் போன்றவற்றுக்கு நெடுங்காலம் மருந்து தேவைப்படும், அதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் இதைக் கேட்டு மிரளுகிற அதே மனிதர், மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் ஒறக்க மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் போடுகிறார். பழக்கத்துக்கு அடிமையாக்குகிற மருந்துகளில் முன்வரிசையில் நிற்பது அந்த வகைதான். மருத்துவருக்குப் பயந்து மெடிக்கல் ஷாப்பில் அடைக்கலம் புகுவது புத்திசாலித்தனமில்லை.

"இங்கிலீஷ் மருந்து வேண்டாம், பச்சிலையானால் தோஷமில்லை" என்கிற மாமன்மாருக்கு அகத்தியமலைக் காடு பக்கத்தில் இருப்பதால் ஒரு பழைய கதை. மலையாளத்தில் அமல்பொரி என்றும் பொதுவில் சர்ப்பகந்தி என்றும் சொல்கிற செடியின் வேரைப் பற்றிக் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரண்டு வங்காள மருத்துவர்கள் 1931-இல் கட்டுரை எழுதினார்கள். சித்தப் பிரமைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் அது கேட்கிறது என்றார்கள். 1952-இல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனத்தார் அந்த வேரிலிருந்து ரிசர்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். மேற்கத்திய மனநல மருத்துவமனைகளில் அது சில காலம் கொடிகட்டிப் பறந்தது. கூடவே, அதை உண்டவர்களில் சிலர் கடுமையான மனச்சோர்வில் விழுகிறார்கள் என்ற செய்தியும் வந்தது. நல்ல மருந்துகள் வந்ததும் அதை ஓரங்கட்டினார்கள். வேரானாலும் வேலைசெய்கிற பொருளுக்குப் பக்கவிளைவு உண்டு. நாட்டு வைத்தியரிடம் என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். இரண்டும் சேர்ந்து ரத்த அழுத்தத்தைக் கீழே தள்ளிவிட்டால் விழுகிறவர் நீங்கள்.

கூடோத்திரம், சாத்தான், பேய் என்று போகிறவர்களும் நம்மில் குறைவில்லை. சோற்றானிக்கரையில் மரத்தில் ஆணியடிக்கிறார்கள். பீமாப்பள்ளியில் தங்கவைக்கிறார்கள். ஜெபக்கூட்டத்தில் தலையில் கைவைக்கிறார்கள். வேண்டுதலை விடச் சொல்லி இந்த மடல் எழுதப்படவில்லை. ஆனால் வேண்டுதல் மட்டும் போதும் என்று விட்டதால் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் நடந்ததை மறக்கக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 விடியலில் தர்கா அருகிலிருந்த ஒரு கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டியிருந்ததால் எழுந்து ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. பின்னாளில் அதே ஏர்வாடியில் தர்காவுக்குப் பக்கத்திலேயே மருத்துவரை உட்காரவைத்து, துவாவும் மருந்தும் சேர்ந்து நடக்கும் ஏற்பாட்டைத் தமிழக அரசு செய்தது. குஜராத்தின் மீரா தாதார் தர்காவில் அதற்கு முன்பே அப்படி நடந்தது. தொழுதுவிட்டு வந்து மாத்திரை போடுவதை எந்தத் தெய்வமும் தடுத்ததாகத் தகவல் இல்லை.

ஏர்வாடி நடந்து மூன்று மாதத்தில், 2001 நவம்பர் 9 இரவு, அம்பூரியில் மலை இடிந்து விழுந்து 39 பேர் இறந்தார்கள். உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அன்று பத்து வயதாக இருந்தவர்களுக்கு இப்போது முப்பது தாண்டிவிட்டது. துலாவர்ஷம் தொடங்கியதும் ஒறக்கம் போகிறது, ஓடையின் இரைச்சல் கேட்டால் உடம்பு விறைக்கிறது, அந்தப் பக்கம் போகும் வழியையே தவிர்க்கத் தோன்றுகிறது என்றால் அது கோழைத்தனமில்லை. பேரிடருக்குப் பிந்தைய மன அதிர்ச்சி என்று பெயருள்ள நோய் அது. எத்தனை வருஷம் கழித்தும் அதற்குச் சிகிச்சை செய்யலாம், அந்த நினைவைப் பயிற்சி பெற்ற ஒருவரோடு சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக அணுகுகிற பேச்சு முறைகள் இருக்கின்றன. 2024 ஜூலை 30-இல் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலைப் பகுதி மண்ணில் புதைந்தபோது, கேரள சுகாதாரத் துறை மனநலக் குழுக்களை முகாம்களுக்கு அனுப்பியது. அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது பழையதெல்லாம் கிளர்ந்தெழுந்தவர்கள் உங்களில் இருந்தால், போவதற்கு அதுவே போதுமான காரணம்.

சட்டத்தையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, அடுத்த ஆண்டு மே 29-இல் நடைமுறைக்கு வந்தது. அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் நிலையங்களில் மனநலச் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை என்கிறது 18-ஆம் பிரிவு. உங்கள் நோய் விவரத்தை வெளியே சொல்லக் கூடாது என்கிறது 23-ஆம் பிரிவு. சங்கிலியில் கட்டுவதை 95-ஆம் பிரிவு அடியோடு தடைசெய்கிறது. மயக்க மருந்தில்லாமல் மின்னதிர்வு கொடுப்பதையும் அதே பிரிவு தடுக்கிறது. சினிமாவில் காட்டுகிற 'ஷாக்' இன்று குற்றம். நோய் இருக்கிறது என்று மருத்துவர் எழுதிவிட்டதாலேயே ஒருவர் புத்தி சுவாதீனமற்றவர் ஆகிவிட மாட்டார், அதை நீதிமன்றம்தான் தீர்மானிக்க வேண்டும். தம்பி சொத்தைப் பிடுங்கிவிடுவானோ என்று பயந்து போகாமலிருக்கிறவர்களுக்காக இதைத் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. உயிரை விட முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே 115-ஆம் பிரிவு கருதச் சொல்கிறது. அவருக்குத் தண்டனை கூடாது, பராமரிப்புத்தான் தர வேண்டும்.

எங்கே போவது? அம்பூரியிலிருந்து திருவனந்தபுரம் சுமார் 40 கிலோமீட்டர். ஒரு நாள் கூலி போய்விடும். இதற்காகத்தான் மாவட்ட மனநலத் திட்டம். கர்நாடகத்தின் பெல்லாரியில் 1980-களில் நிமான்ஸ் சோதித்துப் பார்த்த முறை அது. 1996-இல் மத்திய அரசு திருச்சி உட்பட நான்கு மாவட்டங்களில் தொடங்கியது. கேரளத்தில் முதலில் வந்தது திருவனந்தபுரம் மாவட்டத்துக்கு, 1999-இல். மனநல மருத்துவர் குழு மாதத்தில் குறிப்பிட்ட நாட்களில் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு வந்து பார்க்கும், மருந்து இலவசம். உங்களுக்குப் பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரிக்கு எந்தக் கிழமை வருகிறார்கள் என்பதை வார்டின் ஆஷா பணியாளரிடம் கேளுங்கள். குடும்ப சுகாதார மையங்களில் மனச்சோர்வைக் கண்டறிய 'ஆஸ்வாசம்' என்ற திட்டமும் இருக்கிறது. குடிதான் பிரச்சினை என்றால் கலால் துறையின் 'விமுக்தி' திட்டத்தில் மாவட்டந்தோறும் மீட்பு மையம் உண்டு. மனசிலுள்ளதை மலையாளத்தில் சொன்னால் பாதி விட்டுப்போகிறது என்று நினைக்கிறவர்கள் எல்லை கடந்து ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். அதில் ஒரு வெட்கமும் இல்லை.

குறை இல்லாமல் இல்லை. லட்சம் இந்தியர்களுக்கு ஒரு மனநல மருத்துவர்கூடத் தேறமாட்டார் என்பது 2019-இல் வெளியான கணக்கு: 0.75. அதனால் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள், கையில் ஒரு சீட்டு. மாத்திரை கிடைக்கிற இடத்தில் உட்கார்ந்து பேசிச் சிகிச்சை தர ஆளில்லை. மாதத்துக்கு ஒரு நாள் என்பது, நோய் முற்றிய நாளோடு ஒத்துவராது. நெய்யாறு நீர்த்தேக்கத்துக்கு அக்கரையில் காணிக் குடியிருப்புகளில் இருப்பவர்களுக்கு எல்லாமே இன்னும் ஒரு கடவு தள்ளி. கிராம சபை கூடும்போது சாலையும் குடிநீரும் கேட்கிறீர்கள். மனநல நாளை மாதம் இரண்டாக்கு, தமிழ் தெரிந்த ஆலோசகரை நியமி என்றும் கேளுங்கள். கேட்காத ஊருக்கு யாரும் கொண்டுவந்து தர மாட்டார்கள்.

போகிற நாளில் பழைய மருந்துச் சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். சொல்ல வேண்டியதை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே போனதும் பாதி மறந்துவிடும். பஸ் ஏறும்வரை பொறுக்க முடியாத ராத்திரி வந்தால், அல்லது அப்படி ஒரு ராத்திரியில் வேறொருவர் இருப்பதைக் கண்டால், மத்திய அரசு 2022 அக்டோபர் 10-இல் தொடங்கிய டெலி மானஸ் இருக்கிறது. தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம், காசில்லை, 24 மணி நேரமும் எடுப்பார்கள். எண் 14416.